பல்லில்லாத புழுக்களும் ஒரு கீரைப் பாத்தியும்

துபாய் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, மேலே வைத்திருந்த புளியையும் எலுமிச்சை ஊறுகாயையும் கண்டுகொள்ளவே இல்லை. அடியில் கைவிட்டு வலைகளை எடுத்தார். நான்கு வலை, கொசுவலையைவிட நெருக்கமான கண்ணி. அதற்கும் கீழே இடுக்கிகள், மூடி போட்ட கண்ணாடிக் குப்பிகள், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். மீன் பிடிக்கவா என்று இந்தியில் கேட்டார். இல்லை, புழு பிடிக்க என்றேன். என் இந்தியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் கேட்டார், நானும் அதையே சொன்னேன். உங்கள் ஊரில் புழு இல்லையா என்றார். இருக்கிறது, இருபது வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். இருவரும் சிரித்துவிட்டுப் பெட்டியை அவர்களே மூடிக் கொடுத்தார்கள்.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறவள். பாலாற்றில் தோல் கழிவு கலக்கிற இடங்களில் என்ன பூச்சி பிழைக்கிறது, என்ன பூச்சி சாகிறது என்று எண்ணுவது என் வேலை. நாற்பத்து நான்கு வயதில் அதுதான் என் முதல் விமானப் பயணம். 2007, பிப்ரவரி மாதம். அழைத்தவள் ஹெலன். விடுதியில் என் அறைத்தோழி, நாகர்கோவில்காரி. ஷார்ஜாவில் ஒரு கல்லூரியில் உயிரியல் நடத்துகிறாள். தன் மாணவர்களுக்கு நீர்ப்பூச்சிகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கப் பத்து நாள் வரச் சொல்லியிருந்தாள்.

முதல் நாள் முழுக்க நான் வாயைப் பிளந்தபடி இருந்தேன். துபாயிலிருந்து ஷார்ஜாவுக்குப் போகும் சாலையில் கார்கள் நகரவே இல்லை. இரண்டு பக்கமும் பாதி எழும்பிய கட்டடங்கள், அவற்றின் தலையில் கொக்கு மாதிரி பளுதூக்கிகள். வாணியம்பாடி பஸ் நிலையத்தைத் தாண்டுவதற்குள் இதைவிட அதிகம் நகர்ந்திருப்பேன் என்று ஹெலனிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற கம்பெனி பஸ்ஸில் நீலச் சட்டை போட்டவர்கள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு கடை வாசலில் ஹெலன் ஹாரன் அடித்தாள். கடைக்காரர் காருக்கே ஷவர்மாவும் காகிதக் கோப்பையில் ஏலக்காய் டீயும் கொண்டுவந்து கொடுத்தார். இறங்காமல் சாப்பிடுவது எனக்கு ஒரு பெரிய ஆடம்பரமாக இருந்தது. அவளுடைய பெண்கள் இரண்டு பேரும் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டு, நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் வகுப்பு நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் மலைக்குப் போய் வாதியில் மாதிரி எடுப்பதாகத் திட்டம். வாதி என்றால் மழை பெய்தால் மட்டும் ஓடுகிற மலையாறு. அந்த வருடம் மழை பெய்திருந்தது. ஆனால் காலையில் கல்லூரி வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. மாணவர்கள் மகிழ்ச்சியாகக் கலைந்து போனார்கள். நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பத்து நாளில் ஒரு நாள் வீணானால் எனக்குத் தாங்காது.

ஹெலன் தன் வீட்டுக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் ஜமாலுக்குப் போன் செய்தாள். கீழக்கரைக்காரர், ஐம்பது வயது இருக்கும். வாரம் இரண்டு தடவை மலைப்பக்கத்துச் சின்னக் கடைகளுக்குப் பிக்கப்பில் சரக்குக் கொண்டுபோகிறவர். அன்றைக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர். மடியில ஒரு பெட்டி மோர் வச்சுக்கிறதுன்னா இடம் இருக்கு" என்றார். பின்னால் வெங்காய மூட்டை, குழந்தைகள் டயப்பர், அரிசி. முன்னால் நாங்கள் மூன்று பேர். என் மடியில் மோர் பெட்டி, ஹெலன் மடியில் ஐஸ் பெட்டி.

தைத் என்கிற ஊர் வரை மணல். அதற்குப் பிறகு மலை. ஏலகிரியைப் பார்த்து வளர்ந்த எனக்கு மலை என்றால் பச்சை. இதுவோ துருப்பிடித்த இரும்புக் குவியல். ஒரு இலை இல்லை. இதிலிருந்து தண்ணீர் வரும் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். மசாஃபி தாண்டி ஒரு வளைவில் ஜமால் வண்டியைத் திருப்பியபோது கீழே பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் ஆழம், கண்ணாடி மாதிரி. ஓடையை ஒட்டிக் கல்லுடைக்கும் ஆலை ஒன்று, தொழிலாளர் முகாமாக நாலைந்து தகர அறைகள், தள்ளி ஒரு பேரீச்சந்தோட்டம். ஆலையின் பெயரோ வாதியின் பெயரோ இங்கே வேண்டாம்.

வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடினேன். மடியிலிருந்த மோர் பெட்டி சரிந்தது. ஜமால் அதை எட்டிப் பிடித்தார்.

இப்படித் தெளிந்து ஓடுகிற தண்ணீரில் கல்லைப் புரட்டினால் மேஃப்ளை என்கிற பூச்சியின் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். வால் மூன்று இருப்பதால் என் மாணவிகள் அதற்கு 'மூணுவாலு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் உலோகம் கலந்தால் முதலில் காணாமல் போவது அதுதான். பத்துக் கல்லைப் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை. நத்தை இல்லை. தட்டான் குஞ்சு இல்லை. வலையில் அடிச்சேற்றை வாரிப் பார்த்தால் செக்கச்செவேலென்று ரத்தப் புழுக்கள் மட்டும் நெளிந்தன. வளர்ப்பு மீனுக்கு இரை போடுகிறோமே, அதே புழு. எதையும் தாங்குகிற ஜாதி. பாலாற்றில் தோல் கழிவுக் கால்வாய் வாசலில் நான் பார்க்கிற கூட்டம் அப்படியே இங்கே இருந்தது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம் போல் இருந்தது.

ஹெலன், வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றாள். போயிருந்தால் புழுவும் போயிருக்குமே என்றேன். இன்னொரு வலை சேற்றை வாரினேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷத்தில்.

நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுத் தகர அறையிலிருந்து ஒருவர் வந்தார். செல்வராசு, பெரம்பலூர் பக்கம். ஆலையில் இவரையும் சேர்த்து எட்டுத் தமிழர்கள், எல்லோருக்கும் சமைப்பவர் இவர். சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். சோறு, மீன் குழம்பு, அப்புறம் கீரைக் கடைசல். அரபு நாட்டில் மூன்றே நாளில் கீரைக்கு ஏங்கிப் போயிருந்த நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு பாத்தி. அரைக்கீரை, மிளகாய், நான்கு வெண்டைச் செடி. ஊரிலிருந்து விதை கொண்டுவந்து இரண்டு வருடமாக வளர்க்கிறார். ஓடையிலிருந்து வாளியில் சுமந்து ஊற்றுகிறார்.

கீரை வயிற்றுக்குள் இருக்க, புழுக்கள் ஐஸ் பெட்டிக்குள் இருக்க, திரும்பி வந்தேன். வழியில் ஹெலன் இரண்டு மூன்று முறை என் முகத்தைப் பார்த்தாள். கீரைக்கு ஊற்றியதும் அந்த ஓடைத் தண்ணீர்தான் என்று இருவருக்கும் தெரியும்.

நான்காம் நாள் முழுக்க ஆய்வகத்தில். ரத்தப் புழுவின் தலை குண்டூசி முனை அளவு. அதைக் கொதிக்கும் காரக் கரைசலில் போட்டுத் தெளியவைத்து, கண்ணாடித் தகட்டில் மல்லாத்தி வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தால் வாயடியில் ஒரு பல்வரிசை தெரியும். சீப்பு மாதிரி ஒழுங்காக இருக்கும். நடுவில் பெரிய பல், இருபுறமும் ஆறாறு. புழு வளர்கிற சேற்றில் ஈயம், குரோமியம் மாதிரி உலோகம் ஏறியிருந்தால் அந்தச் சீப்பு கோணலாகும். பல் உடையாது, முளைக்கும்போதே இல்லாமல் முளைக்கும்.

முதல் புழுவுக்கு நடுப்பல் இல்லை. இரண்டாவது சரி. மூன்றாவதற்கு இடதுபக்கம் மூன்று பற்கள் ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. மாலைக்குள் நாற்பது புழு பார்த்தேன். பாதிக்கு மேல் கோணல். பாலாற்றிலேயே இவ்வளவு மோசமாக நான் பார்த்ததில்லை. ஹெலனைக் கத்திக் கூப்பிட்டேன். மாணவர்கள் ஓடிவந்து ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் அந்தப் பாத்தி ஞாபகம் வந்தது. சத்தம் போட்டதற்கு வெட்கமாக இருந்தது.

பல் கோணினால் ஏதோ உலோகம் என்பது வரைக்கும்தான் புழு சொல்லும். எந்த உலோகம் என்று கருவிதான் சொல்ல வேண்டும். பக்கத்துத் துறையில் அப்படி ஒரு கருவி இருந்தது. தண்ணீரையும் சேற்றையும், செல்வராசு ஆசையாகக் கட்டிக் கொடுத்திருந்த கீரைக் கட்டையும் ஹெலன் அங்கே கொடுத்தாள். முடிவு வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன்.

"ஏட்டி, நீ வந்தது பாடம் நடத்த. போலீஸ் வேலைக்கு இல்ல" என்றாள் ஹெலன். சொல்லிவிட்டு ஜமாலுக்குப் போன் போட்டதும் அவள்தான்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆலைக்கு விடுமுறை. போகிற வழியிலேயே ஓடையின் பொடிக்கல்லில் பிக்கப் புதைந்துவிட்டது. ஜமால் வேகம் கொடுக்கக் கொடுக்க இன்னும் உள்ளே போயிற்று. கடைசியில் முகாமிலிருந்து எட்டுப் பேரும் வந்து, "யல்லா, யல்லா" என்று தள்ளி ஏற்றினார்கள். நான் செல்வராசுவைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். கீரை என்று சொல்ல வாய் வரவில்லை. புழுவிலிருந்து ஆரம்பித்தேன்.

"புழுவுக்குப் பல்லு இருக்குதுங்களா?" என்றார். இருக்கிறது என்றேன். தன் பாத்தி இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "கம்ப்ளெயின்ட்டுன்னு மட்டும் எழுதிராதீங்க மேடம். எங்க பேரு வந்துச்சுன்னா விசாவுல எக்சிட் அடிச்சு ஊருக்கே அனுப்பிருவாங்க." எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவரே வலையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஜமால் ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் ஓடையின் ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி நடந்தோம். குட்டைக்குக் குட்டை நின்று கல்லைப் புரட்டினோம். இரண்டாம் குட்டையிலும் ரத்தப் புழுதான். மூன்றிலும் அதுதான். நான்காவதில் ஒரு நீர்வண்டு, அவ்வளவுதான். வெயில் ஏறியது. பாறை வழுக்கி ஹெலன் இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து, எழுந்து, என்னைத் திட்டினாள். நான்காவதைத் தாண்டி ஓடை ஒரு வளைவு எடுத்தது. வளைவுக்கு மேலே ஐந்தாவது குட்டை. செல்வராசு ஒரு கல்லைப் புரட்டி, "இதுங்களா மேடம்?" என்று நீட்டினார்.

கல்லின் அடிப்பக்கம் முழுக்க மூணுவாலு. பத்து, இருபது, எண்ண முடியவில்லை, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடின. அடுத்த கல்லில் நத்தைகள் கூம்பு கூம்பாக. தட்டான் குஞ்சு ஒன்று வலையில் துள்ளியது. சின்ன மீன்கள் வந்து என் காலைக் கொத்தின. நான் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆற்றில் இவ்வளவையும் ஒரே இடத்தில் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை.

ஆக, நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில்தான் ஏதோ கலக்கிறது. வளைவுக்குத் திரும்பி வந்தோம். இடதுபக்கம் ஒரு வறண்ட பிளவு, மேலே ஒரு மண்பாதையிலிருந்து சரிந்து வந்தது. அதில் ஏறினோம். முதலில் வாடை அடித்தது, தொண்டையில் அரிக்கிற புளித்த வாடை. பிறகு கிழிந்த தார்ப்பாய். அதற்கு அடியில் லாரி பேட்டரிகள். நூறுக்கு மேல் இருக்கும். பாதியைக் கோடாலியால் உடைத்துப் பெரிய ஈயத் தகடுகளை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அப்படியே கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உடைந்த பெட்டிகளிலிருந்து சாம்பல் நிறக் குழம்பு ஒழுகிப் பாறையில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஒவ்வொரு மழையும் அதைக் கழுவி ஓடைக்குக் கொண்டுபோகிறது.

யார் கொட்டியது என்று கடைசி வரை தெரியவில்லை. வண்டித்தடம் மட்டும் இருந்தது.

நாங்கள் கீழே வந்தபோது ஜமால், பள்ளிவாசலில் பார்த்த பேரீச்சந்தோட்டக்காரரைக் கையோடு கூட்டி வந்திருந்தார். கந்தூரா என்கிற வெள்ளை நீள அங்கியில் நெட்டையான மனிதர். பெயர் சயீத், ஜமால் அவரை அர்பாப், அதாவது முதலாளி, என்றே கூப்பிட்டார். ஜமால் அரபியில் விளக்க, அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். தலை முதல் கால் வரை ஈரம், கையில் வலை. நான் இரண்டு குப்பிகளை நீட்டினேன். ஒன்றில் மேல்குட்டைப் பூச்சிகள், இன்னொன்றில் கீழ்க்குட்டைப் புழுக்கள். இரண்டையும் வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சின்ன வயதில் இந்தக் கல்லுக்கடியில் இவற்றைப் பிடித்து விளையாடியிருப்பதாகச் சொன்னார் என்று ஜமால் மொழிபெயர்த்தார். இப்போது தன் தோட்டத்துக் கால்வாயில் காணவில்லையாம். வெயில் அதிகமாகிவிட்டது என்று நினைத்தாராம். குவியலைப் பார்க்கக் கந்தூராவை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு ஏறினார். இறங்கி வரும்போதே போனில் பேசிக்கொண்டு வந்தார். குரல் உயரவே இல்லை. ஜமாலிடம் ஒரே சொல் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

"கலாஸ்னு சொல்றாரு டீச்சர், முடிஞ்சுதுன்னு" என்றார் ஜமால். "அவர் பேர்லயே முனிசிபாலிட்டிக்குச் சொல்லிட்டாரு. கேம்ப் பேச்சே வராது."

திரும்பிப் பார்த்தால் செல்வராசு இல்லை. அறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பாத்தியில் உட்கார்ந்து கீரையை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். முடிவு வரட்டுமே, இரண்டு நாள்தானே என்றேன். "பசங்க டூட்டி முடிஞ்சு வந்து ஆசையா திம்பானுங்க மேடம். இருந்தா கை சும்மா இருக்காது" என்றார். மிளகாய்ச் செடியிடம் வந்ததும் கொஞ்சம் தயங்கினார். அதையும் பிடுங்கினார். நானும் உட்கார்ந்து வெண்டையைப் பிடுங்கினேன்.

முடிவு ஏழாம் நாள் வந்தது. ஈயம். தண்ணீரில் இருந்தது, சேற்றில் நிறைய இருந்தது, கீரையிலும் இருந்தது. அதே நாள் மலைக்குப் போய்வந்த ஜமால், கையுறையும் முகமூடியும் போட்டவர்கள் இரண்டு லாரியில் வந்து, குவியலையும் அடி மண்ணையும் சேர்த்து வாரிப்போனதாகச் சொன்னார். எட்டுப் பேருக்கும் ரத்தப் பரிசோதனைக்கு ஹெலன் தனக்குத் தெரிந்த மருத்துவரிடம் ஏற்பாடு செய்தாள். பயப்படும்படி இல்லை, ஆனால் இரண்டு பேர் மறுபடியும் வந்து பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அந்த இரண்டில் ஒருவர் செல்வராசு. சமைக்கிறவர், ருசி பார்க்கிறவர்.

ஒன்பதாம் நாள், ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், ஒரு நுண்ணோக்கியை ஜமால் வண்டியில் டயப்பர் பெட்டிகளுக்கு நடுவே போர்வை சுற்றி வைத்து முகாமுக்குக் கொண்டுபோனேன். இது ஹெலனின் யோசனை. மதியச் சாப்பாட்டு நேரம். கல்தூசி படிந்த முகங்களோடு எட்டுப் பேரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். முதலில் நல்ல பல், அடுத்துக் கோணல் பல். ஒருவர் தன் சொத்தைப் பல்லைக் காட்டி இதுவும் ஈயமா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். செல்வராசு கடைசியாக வந்தார். ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் நகரவில்லை.

"நடுப்பல்லே இல்லியே மேடம். எப்படித் திங்கும்?"

இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் கோணல் பற்களை எண்ணியிருப்பேன். வரைந்திருக்கிறேன், பட்டியல் போட்டிருக்கிறேன். இதைக் கேட்டதே இல்லை. தெரியாது என்றேன்.

"ஊருக்குப் போய்ப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். பாலாற்றிலிருந்து இருபத்தைந்து புழுக்களைக் கொண்டுவந்து ஆளுக்கொரு கிண்ணத்தில் விட்டு, ஊறவைத்த இலைத்தூள் போட்டு, ஒரு மாதம் கைலென்ஸ் வைத்துக் கவனித்தேன். பிறகுதான் ஒவ்வொன்றின் பல்லையும் பார்த்தேன். மாணவிகளுக்கு நான் இவ்வளவு பரபரப்பாக இருந்தது வேடிக்கையாக இருந்தது. முகாம் போனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன்.

"திங்குது செல்வராசு. பல்லு சரியா இருக்கிறது ஒரு நாள்ல திங்கிறதை நடுப்பல்லு இல்லாதது மூணு நாள் திங்குது. ஆனா விடாம திங்குது."

"அப்படீங்களா" என்றார். மறுமுனையில் யாரிடமோ அதைத் திருப்பிச் சொல்கிற சத்தம் கேட்டது. பிறகு, பேரீச்சந்தோட்டக்காரர் ஒரு வண்டி புது மண் அடித்துக் கொடுத்திருப்பதாகவும், ஐந்தாம் குட்டையிலிருந்து தண்ணீர் சுமக்கிறதாகவும், முதல் கீரையை ஹெலன் மேடத்திடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருப்பதாகவும் சொன்னார்.